கடைசிச் சான்றிதழுக்காகக் காத்திருந்தவளுக்கு

இன்று மாலை குவாட்டர்ஸின் பின்பக்கம் யாரோ மிலாறு எரித்தார்கள். கவ்வாத்து வெட்டும்போது விழுகிற காய்ந்த தேயிலைக் கிளைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது கொழும்பில் யாருக்கும் தெரியாது; சொன்னால் விழிப்பார்கள். வைத்தியசாலைக் காவல்காரர் குளிக்க வெந்நீர் வைக்கிறாராம். ஜன்னலைச் சாத்தப் போனவள் சாத்தாமலே நின்றுவிட்டேன். அது உன் காம்பராவின் வாசனை. நீ அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு, கண்ணைச் சுருக்கி ஊதுகுழலை ஊதிக்கொண்டே, "என்னாடி, இன்னும் எத்தன சேட்டிபிக்கட்டு பாக்கி இருக்கு?" என்று கேட்கிற வாசனை.

இனி ஒன்றும் பாக்கி இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நிபுணராகப் பதுளைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. சான்றிதழ்த் தாள் போன வாரம்தான் பதிவுத் தபாலில் வந்தது. பொது மருத்துவத்தில் விசேட வைத்திய நிபுணராகச் சபை என்னை ஏற்றுக்கொண்டது என்று தடித்த தாளில் அச்சடித்து, கீழே மூன்று கையெழுத்து. பசாரில் கொடுத்தால் ஒரே நாளில் சட்டம் போட்டுத் தருவார்கள். கொடுக்கவில்லை. மேசையில் மருந்துக் கம்பனிக்காரர்கள் தந்த நாட்குறிப்புகளுக்குக் கீழே கிடக்கிறது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "இங்கிலீசுல எழுதியிருக்கானுங்க, உண்மையாத்தான் இருக்கும்" என்று சொல்ல ஆள் வேண்டுமே. இந்த வீட்டில் நானும் இரண்டு கதிரைகளும்தான். இரண்டாவது கதிரையில் யாரும் உட்கார்ந்ததில்லை. துணி மடித்து வைக்கிறேன்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரே லயத்தில், அந்த நீள வரிசையில், எட்டாவது காம்பரா உன்னுடையது, ஒன்பதாவது என்னுடையது. நடுவில் இருந்த சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் இருந்தது. சாதாரணதரப் பரீட்சை வரை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் போய் வந்தோம். விஞ்ஞானத்தில் என்னைவிட நீ கெட்டிக்காரி. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், "பேச்சப் பாரு பேச்ச" என்பாய். உன் அம்மா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட வருடம் நீ தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தாய். நான் உயர்தரம் படிக்கப் போனேன். அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் என்னால் படித்திருக்க முடியாது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து வந்த நாளில் நீ கொழுந்துக் கூடையோடு ஓடி வந்தாய்.

"இனி டாக்டர் தானே?"

"ஆமா."

"அப்ப முடிஞ்சிருச்சி."

"இல்லடி. ஒரு வருசம் பயிற்சி இருக்கு."

பயிற்சி முடிந்தது. நிபுணத்துவப் படிப்புக்குத் தெரிவுப் பரீட்சை வந்தது. அதில் ஒரு தடவை விழுந்து மறு தடவை எழுந்தேன். பிறகு எம்.டி. பரீட்சை. ஒவ்வொன்றையும் உன்னிடம் கொண்டுவந்து காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "இது தான் கடைசியா?" ஒவ்வொரு தடவையும் அதே பதில். எம்.டி. பாஸ் பண்ணிய பிறகும் இன்னொன்று இருக்கிறது என்றபோது நீ ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டாய்.

"டாக்டருக்குப் படிச்ச. டாக்டராயிட்ட. திரும்பவும் டாக்டருக்குப் படிக்கிறேங்குற. கொழுந்து பறிக்க இப்படிப் பரீட்ச வச்சானுங்கன்னா தோட்டம் பூரா காடாயிரும்டி."

உனக்கு விளக்கிச் சொன்னேன். எம்.டி. என்பது பரீட்சை மட்டும்தான். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நிபுணர்களின் கீழ் வேலை செய்ய வேண்டும், அதில் ஒரு வருடம் வெளிநாட்டில். பார்த்த நோயாளிகள், செய்த வேலை, விட்ட பிழை, அதிலிருந்து கற்ற பாடம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து மூன்று பேர் முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் தலையாட்டினால்தான் சபை சான்றிதழ் கொடுக்கும். அதன் பிறகுதான் ஒரு வார்டு என் பெயரில் வரும்.

நீ கவனமாகக் கேட்டாய். "அப்ப அது தான் கடைசி."

"அது தான் கடைசி."

"கல்யாணத்துக்கும் இப்படி ஏதும் சபை இருக்கா? ஆறின கஞ்சி பழங்கஞ்சிடீ, சொல்லிப்புட்டேன்."

அன்றைக்குத்தான் நீ அந்தச் சத்தியத்தைக் கேட்டாய். இப்போது அதைச் சொல்லப் போகிறேன், நீ தடுக்க முடியாது.

கவ்வாத்து வெட்டிய மலை மறுபடி துளிர்த்து முதல் கொழுந்து எடுக்கிற நாளில், நம் தோட்டத்தில் கற்பூரம் கொளுத்தி, கைராசிக்காரி ஒருத்தியைத்தான் முதலில் இறக்குவார்கள். அவள் நாலு தளிர் கிள்ளிக் கூடையில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் நிரையில் நிற்கலாம். பல வருடமாக அந்தக் கை உன்னுடையது. கங்காணிகள் மாறினார்கள், துரைகள் மாறினார்கள், உன் கை மாறவில்லை. அந்தக் காலையில் நீ யாரோடும் சண்டை போட மாட்டாய். உனக்கு அதைவிடப் பெரிய விரதம் வேறு இல்லை. மற்ற எல்லாவற்றையும் கிண்டல் பண்ணுகிற நீ, அதை மட்டும் ஒரு நாளும் விளையாட்டாய்ப் பேசியதில்லை.

"நீ பெரிய டாக்டரா வந்து பதுளையில ஒக்காரு," என்றாய். "மொத ஆளு நான் தான் வருவேன். எனக்கு நோய் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. என் கைராசிக்கு ஒனக்குக் கூட்டம் கூடும். அதுக்கு முந்தி வேற எவன்கிட்டயும் போய் நாக்க நீட்ட மாட்டேன்."

நான் சிரித்தேன். "சரி, சத்தியம்" என்று உன் உள்ளங்கையில் அடித்தேன். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், அடுப்படியில், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல. அந்தச் சிரிப்பு வேறு இடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு இங்கிலாந்து. அந்த ஊரின் பெயரை நீ கடைசிவரை சரியாகச் சொல்லவில்லை. அங்கே என் பெயரையும் யாரும் சரியாகச் சொல்லவில்லை, ஆகவே கணக்குச் சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு பேசுவேன். எப்போது உனக்கு அந்த இருமல் வந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மாசியிலா, பங்குனியிலா? எனக்குத் தெரியவில்லை. நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. உன்னிடம் நான் கேட்கவில்லை.

"என்னா இருமுற?"

"கவ்வாத்து மலத் தூசு. டிஸ்பென்சரியில தண்ணி மருந்து குடுத்தாங்க. இனிப்பா இருக்கு, புள்ளைகளும் கேக்குதுங்க."

"பதுளைக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடு."

"நீ வா. நீயே பாரு."

"சரி" என்றேன். அன்று அங்கே மழை. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் "சரி" எனக்கு ஞாபகம் இருக்கிறது. குரலில் ஒரு சிரிப்புக்கூட இருந்தது.

அதே மாதத்தில் கோயில் திருவிழாவில் தட்டோடு நிற்கும் உன் படத்தை அனுப்பினாய். புது வளையல் நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். அந்தப் படத்தை நான் அதற்குப் பிறகு எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதே. தட்டைப் பிடித்திருக்கும் உன் விரல்களின் நுனி உருண்டு தடித்திருக்கிறது, நகம் வளைந்து கவிழ்ந்திருக்கிறது. நுரையீரலில் கெட்டது ஏதோ இருக்கிறது என்பதற்கு மூன்றாம் வருட மாணவன்கூடக் கண்டுபிடிக்கும் அடையாளம் அது. அங்கே அந்த வாரம்தான் ஒரு கிழவரின் விரலைக் காட்டி நான் மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தேன். உன் விரலில் மட்டும் எனக்குத் தெரியவில்லை. கொழுந்து பறிக்கிற விரல் தடித்துக் கறுத்துத்தானே இருக்கும்? என் அம்மாவின் விரலும் தடித்திருந்தது. லயத்தில் பிறக்காத ஒரு டாக்டர் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

திரும்பி வந்து கொழும்பில் மிச்ச வேலை. மூன்று பேர் முன்னால் கோப்பை வைக்க வேண்டிய நாள் வந்தது. கோப்பு இன்னும் திருத்தமாக இருக்கலாம் என்று நானே அதை அடுத்த தவணைக்குத் தள்ளிப் போட்டேன். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. ஓரங்கள் ஒழுங்காக இல்லையாம், இரண்டு கட்டுரை குறைகிறதாம். உன்னிடம் சொன்னபோது, "ஆறுதலா செய்டீ, நான் எங்க போகப் போறேன்" என்றாய்.

இடையில் ஒரு நாள் தோட்டத்துக்கு வந்தேன். நீ பாதியாகியிருந்தாய். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. உன் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்சம் சொல்லுங்க டாக்டரம்மா, சோறு திங்கிறதே இல்ல, நான் சொன்னா கேக்காது" என்றார். பையில் ஸ்டெதஸ்கோப் இருந்தது. எடுத்தேன்.

"வா, இங்க ஒக்காரு. பாக்கிறேன்."

"கடைசி சேட்டிபிக்கட் வந்துருச்சா?"

"அது கெடக்குது. நீ வா."

"வரட்டும். இவ்வளவு நாள் பொறுத்தவ இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டேனா? கைராசியக் கெடுக்காதே."

நான் வற்புறுத்தவில்லை. மாலை ரயிலுக்கு நேரமாகியிருந்தது, இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ காத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. தோல்வியும் தனிமையுமாய் இழுத்துக்கொண்டு போன அத்தனை வருடங்களில், நமுனுகலை மலைக்குக் கீழே ஒருத்தி தன் நோயைக்கூட வேறு எந்த டாக்டரிடமும் காட்டாமல் எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத் தின்றுதான் நான் படித்தேன். ஸ்டெதஸ்கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

நீ இரத்தம் துப்பிய பிறகு உன் வீட்டுக்காரர் உன்னைப் பதுளைக்குத் தூக்கி வந்தார். நான் ஓடி வந்தேன். அந்த வார்டின் நிபுணர் நல்ல மனிதர், என்னைக் கூப்பிட்டு எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். வலது பக்கம் முழுக்க வெள்ளை. "எத்தனை மாதமாக?" என்று என்னிடம் கேட்டார். நான் உறவினர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லா உறவினர்களும் சொல்வதைப் போல, "சரியாத் தெரியல்ல" என்றேன்.

மூன்று பேர் முன்னால் நான் நிற்க வேண்டிய நாள் அதே வாரத்தில் விழுந்தது. போகமாட்டேன் என்றேன். மூச்சுக்கு நடுவில் நீ திட்டினாய். "போயிட்டு வா. இவ்வளவு நாள் நான் இழுத்துப் புடிச்சிக்கிட்டு இருந்தது எதுக்கு?" உனக்குத் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கொழும்பில் அந்த அறையில் குளிர்சாதனம் அதிகம். கோப்பை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். பிறகு நடுவில் இருந்தவர், நீங்கள் விட்ட பிழை ஒன்றையும் அதிலிருந்து கற்றதையும் சொல்லுங்கள் என்றார். ஒரு மருந்தின் அளவைக் கூட்டி எழுதியதையும், தாதி கண்டுபிடித்துத் திருத்தியதையும், அதன் பின் நான் இரண்டு தடவை சரிபார்ப்பதையும் சொன்னேன். துப்புரவான பிழை. யாரும் சாகவில்லை. அவர்களுக்குத் திருப்தி. உண்மையான பிழை பதுளையில் கட்டிலில் படுத்திருந்தது. ஆனால் அதைக் கோப்பில் சேர்க்க முடியாது, கோப்பில் சேர்க்க நோயாளி இலக்கம் வேண்டும். நீ என் நோயாளி இல்லை. என் எல்லா வருடங்களிலும் நான் பார்க்காத ஒரே ஆள் நீ.

மறுநாள் வார்டுக்கு வந்து, "கெடச்சிருச்சிடீ" என்றேன். நீ சிரித்தாய். உன் முகத்தில் அப்போது சிரிப்புக்கு இடம் குறைவு, இருந்த இடமெல்லாம் சிரித்தாய். நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். இதற்குத்தானே இத்தனையும்? நீ என் கையைத் தள்ளிவிட்டாய்.

"வேணாம்."

"ஏன்டி? நீ தானே மொத ஆளு?"

"மொத ஆளே செத்துப் போனா ஒன் கை என்னாவுறது? என்னையத் தொட்டுப் பாக்காத. தடிமன் புடிச்சி மூக்கு ஒழுகுற ஆளா, நாளைக்கே எந்திரிச்சி நடக்குற ஆளா மொதல்ல பாரு."

"பைத்தியக்காரி மாதிரிப் பேசாத."

"சும்மா கையப் புடிச்சிக்கிட்டு ஒக்காரு. நாடி பாக்கக் கூடாது."

இருபது வருடம் விஞ்ஞானம் படித்தவள், ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழக்க தோஷம், விரல் தானாக மணிக்கட்டுக்கு நகர்ந்தது. நீ வெடுக்கென்று உதறினாய். அந்த உதறலில் இருந்த பலம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். கடைசிவரை நாடி பார்க்க விடவில்லை.

என் கிளினிக்கில் முதலில் வந்தவர் தடிமன் பிடித்த ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். உனக்குத் திருப்தியாக இருக்கும். எழுந்து நடந்து போனார். கூட்டமும் கூடுகிறது. ஹாலிஎல பக்கமிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் விடிகாலை பஸ்ஸேறி வருகிறார்கள். என்ன வருத்தம், எத்தனை நாள் என்று கேட்ட பிறகு நான் எல்லோரிடமும் இன்னொரு கேள்வி கேட்கிறேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. "இவ்வளவு நாள் யாருக்காகக் காத்திருந்தீங்க?" முதலில் விழிக்கிறார்கள், பிறகு சொல்லிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகள் வரட்டும் என்று ஒருவர். தீபாவளி முடியட்டும் என்று ஒருவர். எல்லோருக்கும் யாரோ, ஏதோ இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கொழுந்துக்காரம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். இரண்டு காலும் வீங்கி, முகம் ஊதி, பெஞ்சில் உட்கார மூச்சு வாங்கியது. மூன்று மாதமாக இருக்கிறதாம். அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"ஒங்களுக்காகத் தான் டாக்டரம்மா," என்றாள். வெட்கமும் சந்தோஷமுமாய்ச் சொன்னாள். "நம்ம லயத்துப் புள்ள பெரிய டாக்டரா வந்து ஒக்காரப் போகுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நம்ம புள்ள கையால பாத்தா தான் எனக்குச் சரியாகும்னு, வேற எங்கயும் போகல்ல."

நான் கத்தினேன். கிளினிக் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். யார் உங்களைக் காத்திருக்கச் சொன்னது, நான் என்ன சாமியா, இந்த ஊரில் வேறு டாக்டரே இல்லையா, செத்துப்போனால் யார் பதில் சொல்வது என்று வாயில் வந்ததெல்லாம். தாதி என் தோளைத் தொட்டாள். அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வார்டில் சேர்த்திருக்கிறேன். சிறுநீரகத்தில் கோளாறு, மருந்தால் பிடித்து நிறுத்திவிடலாம், இன்னும் தாமதமாகியிருந்தால் முடியாது. காலையில் வார்டைச் சுற்றி வரும்போது என்னைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மற்ற டாக்டர் கேட்டால் பதில் சொல்கிறாள், நான் கேட்டால் இல்லை. வீக்கம் வடிந்துகொண்டு வருகிறது.

அந்தத் திட்டு உனக்குச் சேர வேண்டியது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைப்பதை நிறுத்திவிட்டு, "உன் கைராசியைத் தூக்கிக் குப்பையில் போடு, இன்றைக்கே போய் எக்ஸ்ரே எடு" என்று நீ போனை வைத்துவிடும் அளவுக்குத் திட்டியிருக்க வேண்டும். நீ ரோசக்காரி. என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பாய். வருடக்கணக்கில் நிறுத்தியிருப்பாய். நான் பதுளைக்கு வந்த பிறகும் என் கிளினிக் பக்கம் தலைவைத்துப் பார்த்திருக்க மாட்டாய். பசாரில் எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விடுவிடென்று மற்றப் பக்கம் கடந்து போயிருப்பாய். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்பேன்.